கண் தொடர்புக்குப் பத்துக்கு மூன்று

தென்காசியில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தின் மாடியில் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு எங்கள் பேச்சுப் பயிற்சி வட்டம் கூடும். வருவது பன்னிரண்டு பேர், மழை என்றால் ஏழெட்டுப் பேர். காதுகுத்துக்கு வரவேற்புரை, ஆண்டு விழாவுக்கு நன்றியுரை, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு மெஷினை விளக்குவது என்று அன்றாடம் தேவைப்படுகிற பேச்சை ஒருவர் பேச வேண்டும். இன்னொருவர் எழுந்து அதை மதிப்பிட வேண்டும். மதிப்பிடுவது பெரும்பாலும் நான்தான்.

நான் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்தவர் சொல்லச் சொல்ல எழுதியே முப்பது வருஷம் போனது. அந்தப் புத்தி இன்னும் விடவில்லை. கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்தவர் எத்தனை ‘அவர்களே’ போட்டார் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். என் மனைவியின் பதினாறாம் நாள் அன்று அவள் வேலை பார்த்த பள்ளியின் தலைமையாசிரியர் அவளைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். அதில் பதினேழு தடவை ‘வந்து’ சொன்னார். அது நினைவிருக்கிறது, அவளைப் பற்றி என்ன சொன்னார் என்பது நினைவில்லை. இதற்காக என்மேல் எனக்கே கோபம் உண்டு.

அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. மகள் ஓசூரில் இருக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் நான் வாய் திறப்பது பால்காரரிடமும் டிவியிடமும்தான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை வெள்ளிக்கிழமையே இஸ்திரி போட்டு மாட்டிவிடுவேன். யாராவது கேட்டால் பொதுத்தொண்டு என்பேன்.

போன வருஷம் குற்றாலத்தில் சாரல் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இலத்தூரிலிருந்து ஒருவர் வட்டத்தில் சேர்ந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் வீட்டில் ஆள் இல்லை. என் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவார். கூட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் கீழே டீக்கடைக்குப் போவோம். ஒரு டீயை ஆற்றி ஆற்றி அரைமணி நேரம் ஓட்டுவார். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் நான் வாரத்தைத் தள்ளினேன். அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆனியில் அந்தச் சாரல் தொடங்கிய வாரம் அவருக்கு வந்த பயிற்சி அழைப்புரை. ஏதாவது ஒரு நிகழ்ச்சிக்கு ஆட்களை அழைத்து ஐந்து நிமிஷம் பேச வேண்டும். எல்லாரும் கிரகப்பிரவேசம், கோயில் கொடை என்று எடுப்பார்கள். அவர் ஐந்தருவிக் குளியலை எடுத்தார்.

“புதன்கிழமை வெள்ளனப் போயிட்டா அங்கன கூட்டமே இருக்காது. எண்ணெய் நான் கொண்டாருதேன். தனியாப் போனா வந்து... முதுகுக்கு எண்ணெய் தேய்க்க முடியல பாத்துக்கிடுங்க. கை எட்ட மாட்டேங்கு. குளிச்சிட்டு வந்து... நம்ம வீட்டுக்குப் போயிரலாம். உளுந்தங்கஞ்சி வைக்குதேன். ஒத்த ஆளுக்கு எவ்வளவு வைக்கணும்னு எனக்கு இன்னும் பிடிபடல. எப்பவும் மிஞ்சிப் போகுது.”

நேரம் முடிந்தது என்று சிவப்பு அட்டையைக் காட்டிய பிறகும் பேசிக்கொண்டே இருந்தார்.

நான் எழுந்தேன். “தலைப்பு நன்று. ‘வந்து’ பதினொன்று. நேரம் இரண்டு நிமிஷம் கூடுதல். கை வேட்டி நுனியை விடவே இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை கண் தொடர்பு. இத்தனை பேர் இருக்கிற சபையில் பேச்சாளர் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை என் ஒருவனையே பார்த்துப் பேசினார். அழைப்புரை எல்லாருக்கும் பொது. கண் தொடர்புக்குப் பத்துக்கு மூன்று.”

எல்லாரும் சிரித்தார்கள். நன்றாகத்தான் மதிப்பிட்டிருக்கிறோம் என்று எனக்கும் உள்ளூரப் பெருமை.

“சரி அண்ணாச்சி. நீங்க சொல்லுதது சரிதான். திருத்திக்கிடுதேன்” என்றார் அவர். அன்றைக்கு டீக்கடைக்கு வரவில்லை. பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றார்.

எதிலாவது ஐந்துக்குக் கீழே மார்க் வாங்கினால் அதே பேச்சை அடுத்த வாரம் திருத்திப் பேச வேண்டும் என்பது எங்கள் வட்டத்தின் வழக்கம். அதன்படி அவர் திரும்பப் பேசினார். ஒரு ‘வந்து’ கூட இல்லை. டிக்கெட் போட வருகிறவர் மாதிரி வரிசை வரிசையாக, ஒரு முகம் விடாமல் பார்த்தார். மற்றவர்களைப் பார்த்த அளவுக்குத்தான் என்னையும் பார்த்தார். முதுகுக்கு எண்ணெய் தேய்ப்பதை எடுத்துவிட்டிருந்தார். கஞ்சியும் இல்லை. ஐந்தருவியின் அழகு இருந்தது, ‘அனைவரும் திரளாக வருக’ இருந்தது. சிவப்பு அட்டைக்கு முன்பே முடித்துவிட்டார்.

பலத்த கைதட்டல். அதற்கு நடுவில்தான் எனக்கு உறைத்தது. போன வாரம் அந்த மனுஷர் பயிற்சி செய்யவில்லை, என்னைக் கூப்பிட்டிருக்கிறார். டீக்கடையில் வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, பயிற்சியைச் சாக்காக வைத்துக் கேட்டிருக்கிறார். நான் அதற்கு மார்க் போட்டிருக்கிறேன்.

மதிப்பிட எழுந்தேன். “திருத்துவதற்கு எதுவும் இல்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கூட்டம் முடிந்ததும் மாடிப்படியில் வேகமாக இறங்கிப்போய் அவரைப் பிடித்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. “புதன்கிழமை எத்தன மணிக்கு வரணும்?” என்று கேட்டேன். விசாரணை மாதிரித்தான் குரல் வந்தது.

அவர் நின்று என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

“அது பயிற்சிக்குப் பேசுனதுல்லா அண்ணாச்சி” என்றார், மரியாதையாக. “நெசம்னு நெனச்சிட்டீயளோ?”

“இல்ல இல்ல, சும்மா கேட்டேன்” என்றேன்.