முந்நூற்று அறுபது ஆமாங்க

மனிதருடைய அறிவை அளக்கும் இடத்தில் வேலை பார்க்கிறவன் தெருவில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தால் அதற்கு மன்னிப்பே கிடையாது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பிறருக்கு மதிப்பெண் போட்டுக் காலம் தள்ளிய எல்லோருக்கும் இந்தக் கஷ்டம் தெரியும், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியின் உளவியல் ஆய்வுக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றேன். அங்கே மாணவியாக இருந்த ஒருவர் பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு வந்து, ஊருக்குள் ஒரு உளவியல் சோதனை நிலையம் தொடங்கி, என்னை அழைத்துக்கொண்டார். எனக்கு அவர் மேடம். அவருக்கு நான் இன்னும் அண்ணன்தான்.

துளை போட்ட அட்டை

விடைத்தாளின்மேல் துளை போட்ட அட்டையை வைத்து, துளை வழியாகத் தெரிகிற குறிகளை எண்ணுவது என் வேலை. வெள்ளை அட்டை நேர் வாக்கியங்களுக்கு. ‘பிறர் மனம் எனக்குப் புரிகிறது’ என்பது நேர் வாக்கியம். அதற்கு ‘முழுக்க ஒப்புகிறேன்’ என்று குறித்தால் ஐந்து. மஞ்சள் அட்டை தலைகீழ் வாக்கியங்களுக்கு. ‘பிறர் மனதைப் பற்றி எனக்குக் கவலையில்லை’ என்பதற்கு அதே குறியைப் போட்டால் ஒன்றுதான். இதற்கு அறிவு தேவையில்லை, பொறுமை தேவை. ஒவ்வொரு தாளையும் மூன்று முறை எண்ணுவேன். மூன்றும் ஒத்துப்போனால் எழுதுவேன். இல்லையென்றால் டீ குடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன். எனக்கு வராதது பேச்சுதான். நான்கு பேர் இருக்கும் அறைக்குள் போகவேண்டும் என்றால் ஐந்தாவது ஆள் வரும்வரை வாசலிலேயே நின்று, அவர் பின்னால் போவேன்.

ஒருநாள் என் மகளின் மாமனார் அந்தப் பக்கம் வந்தவர் என்னைப் பார்க்க உள்ளே வந்தார். நான் ஒரே தாளை மூன்றாம் முறை எண்ணிக்கொண்டிருந்தேன். அது முடியும்வரை அவரை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஊராமூட்டு மூளைய எண்ணி எண்ணி உங்க மூளைய எங்கியோ வச்சிட்டீங்க சம்பந்தி.”

மனதுக்குப் போட்ட கோடு

போன வருடம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மேனேஜர் வந்தார். நோயாளியைக் குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, பெட்பேன் எடுப்பது போன்ற வார்டு வேலைகளுக்கு அவரிடம் நாற்பத்திரண்டு பெண்கள் கான்ட்ராக்டில் இருந்தார்கள். சிலர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று புகார் வந்திருந்தது. அவர் சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போய், புத்திசாலித்தனம் மட்டும் போதாது, உணர்வறிவும் வேண்டும், அதையும் அளக்கலாம் என்று கேட்டுவிட்டு வந்திருந்தார். மேடத்திடம் அதற்கான சோதனை இருந்தது. நாற்பது வாக்கியங்கள், இருபது நேர், இருபது தலைகீழ். மொத்தம் இருநூறு மதிப்பெண்.

மேனேஜர் நூற்றிமுப்பதில் கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே வருகிறவர்களுக்கு அடுத்த மாதம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாது. இந்தச் சோதனையை மட்டும் வைத்து ஒருவரை வேலையிலிருந்து எடுக்கக் கூடாது என்று மேடம் இரண்டு முறை சொன்னார். அவர் இரண்டு முறையும் தலையாட்டினார். போகும்போது, எண்ணுகிறவன் நான்தான் என்று தெரிந்து, என் மேஜைக்கு வந்து தோளைத் தட்டினார். “பெரியவரே, மனசுக்கு எவ்ளோ மார்க்னு தெரிஞ்சிட்டா மேனேஜ் பண்றது ஈஸி.”

பதினான்காவது வாக்கியம்

எழுதப் படிக்கத் தெரிந்த முப்பத்திமூன்று பேர் முதல்நாள் வந்து எழுதினார்கள். யாருக்கும் எதையும் விளக்கக் கூடாது என்பது விதி. எனக்கு மிகவும் வசதியான விதி. பதினான்காவது வாக்கியம்: ‘பிறர் அழும்போது எனக்கும் அழுகை வருகிறது.’ வீராம்பட்டினத்திலிருந்து வந்த ஒரு பெண் அதில் நின்றுவிட்டார். பென்சிலை ஐந்து கட்டங்களின் மேலும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். கடைசியில் எழுந்து என்னிடமே வந்துவிட்டார்.

நான் விதி எழுதியிருந்த தாளைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. நடுக் கட்டத்தில் ஒரு குறி போட்டு, மீதியை எழுதத் தன் இடத்துக்குத் திரும்பும்போது சொன்னார்: “வரத்தான் வருதுங்க. நானும் உக்காந்து அழுதா பெட்பேன் யாரு எடுக்கறது?”

மீதி ஒன்பது பேர்

மறுநாள் வந்த ஒன்பது பேருக்கும் வாசிப்பு சரளமாக வராது. அவர்களுக்கு நாம் வாக்கியத்தைப் படித்துக் காட்டி, பதிலைக் கேட்டுக் குறிக்கவேண்டும். மேடத்துக்கு உள்ளே வேறு ஆட்கள் காத்திருந்ததால் படிக்கும் வேலை எனக்கு வந்தது. ஒரே குரலில் படிக்கவேண்டும், ஏற்ற இறக்கம் கூடாது. ஒருவருக்கு நாற்பது வீதம் ஒன்பது பேருக்கு முந்நூற்று அறுபது வாக்கியங்கள். என் வாழ்நாளில் பெண்களிடம் மொத்தமாக அத்தனை வாக்கியம் பேசியிருப்பேனா என்பது சந்தேகம். நிமிர்ந்து முகம் பார்க்காமல் தாளைப் பார்த்தே படித்தேன்.

ஆறாவதாக வந்தவர் பிள்ளைச்சாவடி விஜயா. பதினொரு வருடமாக அந்த ஆஸ்பத்திரியில் இருப்பவர். வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அவர் ஒருவர்தான். அதை அவராகச் சொல்லவில்லை, விண்ணப்பத்தில் இருந்தது. பத்தாவது வாக்கியத்தில் என் தொண்டை கட்டிக்கொண்டது. அவர் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து நீட்டினார். சோதனை எழுதுகிறவரிடம் தண்ணீர் வாங்கலாமா என்று கையேட்டில் எதுவும் சொல்லப்படவில்லை. வாங்கிக் குடித்தேன். அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரம் முடிந்தது. எழுந்திருக்கும்போது, இதில் தவறினால் வேலை போய்விடும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டார். நான் தாள்களை ஒழுங்காக அடுக்கினேன். அவரே சமாதானம் சொன்னார்: “வுடுங்க ஐயா, நீங்க இன்னா பண்ணுவீங்க.”

ஒன்பது நூற்றிருபது

தாங்களே எழுதிய முப்பத்திமூன்று பேரில் இரண்டு பேர்தான் கோட்டுக்குக் கீழே: நூற்றிருபத்தேழு, நூற்றிருபத்தெட்டு. பிறகு நான் படித்துக் காட்டிய ஒன்பது தாள்களை எடுத்தேன். முதல் தாள் நூற்றிருபது. இரண்டாவது நூற்றிருபது. மூன்றாவதும் அதுவே வந்ததும் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன். ஒன்பதும் நூற்றிருபது. நேர் வாக்கியம் இருபதுக்கும் ஐந்து ஐந்தாக நூறு, தலைகீழ் வாக்கியம் இருபதுக்கும் ஒன்று ஒன்றாக இருபது. ஒன்பது பேரும் எல்லாவற்றுக்கும் ‘முழுக்க ஒப்புகிறேன்’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நானும் தாளைப் பார்த்தபடியே குறித்திருக்கிறேன். ‘எனக்குக் கோபமே வருவதில்லை’ என்பதற்கும் ஆமாங்க. அடுத்தாற்போல் ‘எனக்குச் சட்டென்று கோபம் வரும்’ என்பதற்கும் ஆமாங்க.

எண்ணிக்கையில் தவறு இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அப்படியே கொடுத்துவிட்டால் என்னை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஒன்பது பேருக்கு வேலை போகும். வெளியே சொன்னால், நான் எழுதிக் கொடுத்த கணக்கு ஒன்று திரும்பி வந்தது என்று முதன்முறையாகப் பெயர் வரும். மேடத்தின் அறை வாசலில் ஐந்தாவது ஆளுக்காகக் காத்திருந்து பார்த்தேன். யாரும் வரவில்லை. தனியாகவே உள்ளே போய்த் தாள்களை வரிசையாகப் பரப்பினேன். மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “அண்ணே, இது அவங்க மனசோட மார்க் இல்ல. உங்க வயசோட மார்க்.”

பஸ் நிறுத்தத்தில் ஒரு விளக்கம்

இரண்டு நாள் கழித்து பஸ் நிறுத்தத்தில் விஜயாவைப் பார்த்தேன். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தார். நான் உட்காரவில்லை, அவரும் உட்காரவில்லை. பெஞ்சு காலியாக இருந்தது. எப்படியோ தைரியம் வந்து, எல்லாவற்றுக்கும் ஏன் ஆமாம் என்றீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

வயதில் பெரியவர் ஒன்று சொல்லும்போது மூஞ்சிக்கு நேராக ‘இல்லை’ என்று எப்படிச் சொல்வது என்றார். மற்ற எட்டுப் பேரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள் என்றார். அதோடு விட்டிருக்கலாம். பஸ் வந்ததும் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு மீதியையும் சொன்னார்: “தொண்ட வத்திப்போயி படிக்கறீங்க. இல்லன்னு சொன்னா இன்னொரு தபா படிக்கணுமோ இன்னாவோனு பாவமா இருந்திச்சி.”

மேனேஜரின் அறை

மேடம் என்னையும் கூட்டிக்கொண்டு மேனேஜரைப் பார்க்கப் போனார். எனக்குப் பேச வராது என்பதால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஆட்கள் 9. பதில்கள் 360. ஒப்புகிறேன் 360. மறுக்கிறேன் 0. மேனேஜர் படித்துவிட்டு, கணக்கு சரியா என்று கேட்டார். சரி என்றேன். அப்புறம் என்ன பிரச்சினை என்றார். பெரியவர் படித்ததால் மரியாதைக்குச் சொன்ன பதில்கள் இவை, மறுபடி நடத்தவேண்டும், அதற்குப் பணம் வேண்டாம் என்று மேடம் விளக்கினார்.

மேனேஜர் யோசித்தார். அவருக்கு அது கெட்ட பதிலாகவே படவில்லை. கடைசியில், சரி, நடத்துங்கள், ஆனால் இந்தப் பெரியவர் வாயைத் திறக்கக் கூடாது என்றார். அந்த நிபந்தனையை நானே கேட்டிருப்பேன். நாங்கள் வெளியே வரும்போதும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. “எனக்குந்தான் இங்க எல்லாரும் ஆமாம் சார்ன்றாங்க. அத ஒரு கொறையா நான் யார்கிட்டயாச்சும் சொல்லியிருக்கனா?”

செல்போன் கேட்ட கேள்வி

மேடம் நாற்பது வாக்கியங்களையும் தன் குரலில் செல்போனில் பதிவு செய்தார். லோன் வேண்டுமா என்று கேட்கிற குரல்களுக்கு இல்லை, வேண்டாம் என்று சொல்லிப் பழகிய காலம் இது. செல்போனுக்கு யாரும் மரியாதை பார்ப்பதில்லை. நான் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து பதிலை மட்டும் குறித்தேன். ஒன்பது பேரும் செல்போனோடு சண்டை போட்டார்கள். முந்நூற்று அறுபது பதில்களில் நூற்று எழுபத்தொன்று ‘மறுக்கிறேன்’.

விஜயாவிடம் செல்போன், ‘எனக்குக் கோபமே வருவதில்லை’ என்றது. அவர் சிரித்துவிட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பிரான்சு பென்ஷன் வாங்கும் ஒரு முதியவர் பல மாதமாக அவருடைய வார்டில் இருக்கிறாராம். சூப்பு ஆறிப்போனால் கிண்ணத்தைத் தள்ளிவிடுவாராம். அதைத் துடைத்துவிட்டு வேறு சூப்பு கொண்டுவருவது விஜயாதான். ‘முழுக்க மறுக்கிறேன்’ என்று அழுத்திச் சொல்லிவிட்டு, காரணத்தையும் செல்போனுக்கே சொன்னார்: “அவரு பிரெஞ்சுல திட்டுவாரு, நான் தமிழ்ல திட்டுவேன். ரெண்டு பேருக்கும் ரெண்டு பாஷையும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துக்குவோம்.”

ஒரு மதிப்பெண்

எட்டுப் பேர் கோட்டைத் தாண்டினார்கள். விஜயா நூற்றிருபத்தொன்பது. மூன்று முறை எண்ணினேன், ஒத்துப்போனது. நான்காம் முறையும் ஐந்தாம் முறையும் எண்ணினேன். என் எண்ணிக்கையில் ஒரு தவறு கிடைக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அன்று ஒருநாள்தான். அந்தக் கோப வாக்கியத்தின் குறியை ஒரு கட்டம் தள்ளிப் போட்டிருந்தால் நூற்றிமுப்பது. பென்சில் குறிதான். ரப்பரும் மேஜையிலேயே இருந்தது. ரப்பரை டிராயருக்குள் போட்டு மூடிவிட்டு, நூற்றிருபத்தொன்பது என்று எழுதி மேடத்திடம் கொடுத்தேன்.

மேடம் தாளை வாங்கிப் பார்த்தார். குறி தெளிவாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். பிறகு அவர் மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரே ஆள் இன்று எழுதினாலும் அடுத்த வாரம் எழுதினாலும் சில மதிப்பெண் ஏறும், இறங்கும். அவ்வளவு நுணுக்கமாக அளக்க இந்தச் சோதனையால் முடியாது. ஆகவே நூற்றிருபத்தொன்பதையும் நூற்றிமுப்பதையும் வேறு வேறு மனிதர்களாகப் பிரிக்க தான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதியிருந்தார். நூற்றிருபத்தேழுக்கும் நூற்றிருபத்தெட்டுக்கும் இதே பதில்தான். கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். ஒவ்வொரு பதிலையும் மூன்று முறை எண்ணியதற்கு இதுதான் மரியாதையா என்று எனக்கும் லேசாக வருத்தம் இருந்தது. மேனேஜர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். நாற்பத்திரண்டு பேரின் கான்ட்ராக்ட் தாள்களையும் வரவழைத்தார். ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன், விஜயாவுடையது முப்பத்தெட்டாவது. கடைசித் தாளில் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “எல்லாரும் பாஸுன்னா, இதுக்கு எதுக்குப் பெரியவரே பரிச்ச?”

நாற்பத்திரண்டு பேரின் மனதை அளந்து, அதில் ஒன்பது பேரை இரண்டு தடவை அளந்து, நாங்கள் சந்தேகமில்லாமல் கண்டுபிடித்தது நான் கேட்டால் யாரும் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார்கள் என்ற ஒன்றைத்தான். என் வீட்டில் மட்டும் அதை யாரும் நம்பவில்லை.