பதினொரு மணி வகுப்பில் ஓர் அடக்கம்

பர்வீன் பானு வகுப்பைத் தொடங்குவதற்கு ஒரு முறை உண்டு. செல்போனைப் பருப்பு டப்பாவின் மேல் சாய்த்து வைப்பாள். துப்பட்டா நுனியால் கேமராக் கண்ணை ஒரே ஒரு தடவை துடைப்பாள். இரண்டாம் தடவை துடைத்தால் மங்கிவிடும் என்பது அவள் கண்டுபிடிப்பு. பிறகு, திரையில் முளைக்கும் பெயர்களை உதடு அசையாமல் எண்ணியபடி, திறந்து கிடக்கும் மைக்குகளை ஒவ்வொன்றாக மூடுவாள். ஒரு வீட்டில் குக்கர் விசில், இன்னொன்றில் ஆட்டுக்குட்டி, மற்றொன்றில் மாமியார் மருமகள் சண்டை. எல்லாம் அடங்கிய பிறகுதான் வாய் திறப்பாள்.

அவளைப் பெற்ற அத்தா ஆத்தங்குடியில் தரைக்கல் சுமந்து லாரியில் ஏற்றியவர். அவர்கள் தெருவில் எம்.எஸ்ஸி. முடித்த முதல் பெண் அவள். காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தாள். 2021 ஜூன் ஊரடங்கில் பள்ளி ஏற்கெனவே இரண்டு ஆசிரியைகளை நிறுத்தியிருந்தது. வகுப்புக்கான லிங்க்கை வேறு காரியத்துக்குத் தொட்டால் மறுநாள் வேலை இல்லை என்று தாளாளர் குரல்பதிவே அனுப்பியிருந்தார்.

அந்த மாதம்தான் அவளுடைய பெரியம்மா சைதுன் பீவியின் கணவர், ரொட்டிக்கடை சிக்கந்தர், கொரோனா வார்டில் இறந்துபோனார். உடல் வீட்டுக்கு வராது. ஆம்புலன்ஸ் நேராக மையவாடிக்குப் போகும். கவச உடை போட்ட நான்கு பேர் அடக்கம் செய்வார்கள். அந்த நால்வரில் ஒருவன் பர்வீனின் தம்பி இனாமுல் ஹசன். சிக்கந்தரின் மகன் முனீர் ஷார்ஜாவில், விமானம் இல்லாமல் மாட்டிக்கொண்டிருந்தான். பெரியம்மா காய்ச்சலோடு, தகரம் வைத்து அடைத்த வாசலுக்குள் தனியாக இருந்தாள். போனில் அவள் அழவில்லை.

"நாப்பத்தோரு வருசம் கூட இருந்திருக்கேன். ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போனாக. மண்ணுக்குள்ள போறதையாச்சும் நான் பாக்கணும் பானு."

பெண்கள் மையவாடிக்குப் போகும் வழக்கம் அங்கே இல்லை. வாசல் வரைதான் அவர்களுக்கு. முனீருக்குப் போனில் காட்டுவதை யாரும் மறுக்கவில்லை. பெரியம்மாவும் பார்ப்பாள் என்றதும் அவளுடைய அண்ணன் முகைதீன் பிச்சை பர்வீனை அழைத்து, இதுவரைக்கும் இல்லாத பழக்கம் இது என்று நீட்டி முழக்கினார். அவர் முடித்ததும் அவள் கேட்டாள்.

"பொம்பளைக அங்குட்டு வரக்கூடாதுன்னுதானே மாமா சொல்றீக? பெரியம்மா எங்குட்டும் வரலையே. கட்டில்லதான் உக்காந்திருக்காக. வேணும்னா நீங்க தகரத்தப் பிரிச்சு உள்ள போயி அந்தப் போனை வாங்கிட்டு வாங்க."

தகரத்தைப் பிரிக்க மாமாவுக்குத் துணிச்சல் வரவில்லை. வாய் மட்டும் இல்லையென்றால் இவளை நாய் தூக்கிக்கொண்டு போகும் என்று முணுமுணுத்து போனை வைத்துவிட்டார்.

போனில் இலவசமாகக் கூட்டும் வீடியோ கூட்டம் நாற்பது நிமிடத்தில் அறுந்துவிடும். பக்கத்துத் தெரு அடக்கத்தில் அப்படித்தான் ஆனது. குழிக்குள் இறக்கும் முன்பே திரை இருண்டு, குவைத்திலிருந்த மகள் வெறும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. அறுந்தால் மறுபடி உள்ளே வரப் பெரியம்மாவுக்குத் தெரியாது. அறுந்துபோகாத லிங்க் பர்வீனிடம் ஒன்றுதான் இருந்தது. பள்ளியுடையது. அதையே பெரியம்மாவுக்கும் முனீருக்கும் இனாமுலுக்கும் அனுப்பிவிட்டாள்.

பத்தேகாலுக்கு இனாமுல் தன் போனை அடிபம்பில் கட்டிவிட்டுப் போனான். ஆம்புலன்ஸ் வரும்போது மணி பதினொன்றாக இரண்டு நிமிடம் இருந்தது. அந்தப் பதற்றத்தில், பதினொரு மணிக்கு வகுப்பு என்பதையும், தினமும் பிள்ளைகள் வருவது இதே லிங்க்கில்தான் என்பதையும் பர்வீன் சுத்தமாக மறந்திருந்தாள். திரையில் பெயர்கள் முளைத்தன. ஸ்வேதா, அப்புறம் வரிசையாக முப்பத்தெட்டுப் பேர். அவசரத்தில் வெளியேற்றினால் விரல் தவறிப் பெரியம்மாவே வெளியே போய்விடக்கூடும். பர்வீன் தன் மைக்கைத் திறந்தாள்.

"பிள்ளைகளா, இன்னைக்குப் பாடம் இல்லை. எங்க பெரியத்தாவை அடக்கம் பண்றாங்க. போறவங்க போகலாம்."

ஒருவரும் போகவில்லை. ஒரு மைக்கும் திறக்கவில்லை.

வெள்ளை உடைகள் நான்கு, பொதிந்த உடலைக் கயிற்றில் இறக்கத் தொடங்கின. பெரியம்மாவின் குரல் வந்தது. "பானு, அந்த வெள்ளைச் சட்டைக்காரரக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு."

"நாலு பேருமே வெள்ளைதான்மா," என்றான் முனீர். சிரித்தானா அழுதானா தெரியவில்லை. சத்தம் கேட்டோ என்னவோ, இனாமுல் இடப்பக்கம் நகர்ந்தான். குழி முழுசாகத் தெரிந்தது.

"மெதுவாத்தான வச்சாக?"

"மெதுவாத்தான் பெரியம்மா. நீங்களே பாத்தீகளே."

"ஆமா. பாத்தேன்."

அதன் பிறகு துக்கம் கேட்டு அழைத்த ஒவ்வொருவருக்கும் சைதுன் பீவி அதைத்தான் சொன்னாள்: நான் பாத்தேன். அடக்கத்துக்குப் போக முடியாத முகைதீன் பிச்சையே தங்கையிடம்தான் விசாரித்தார், எந்தப் பக்கத்துக் குழி, மண் ஈரமா காய்ந்திருந்ததா என்று. அவள் வரிவரியாகச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார்.

தாளாளரின் அழைப்புக்காகப் பர்வீன் மூன்று வாரம் காத்திருந்தாள். வரவில்லை. விஷயம் அவர் காதுக்கே போகவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பள்ளி திறந்து வெகுநாள் கழித்து ஸ்வேதாவின் அம்மா வழியாகத்தான் தெரிந்தது. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, தாளாளர் அடக்கம் நடந்த அன்று மாலையே ஆறு பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். ஆறு பேரும் தனித்தனியாக ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள்: டீச்சர் சரியாகப் பதினொரு மணிக்கு வந்தார்கள், பாடம் எடுத்தார்கள்.