பதினெட்டுப் பெயர்களும் ஒரு விசிலும்

என் மேசை லாச்சிக்குள் ஒரு பித்தளை விசில் கிடக்கிறது, கறுப்புக் கயிற்றோடு. எழுபதுகளின் கடைசியில் மெல்பேர்ணில், கால்பந்து நடுவர்களுக்குச் சாமான் விற்கும் கடையொன்றில் வாங்கியது. வாழ்க்கையில் ஒரு பந்தையும் நேராக உதைக்காதவன் நான். ஆனால் பல்கலைக்கழக வரலாற்றுத் துறை என்னை நம்பிப் பதினெட்டு மாணவர்களை ஒப்படைத்திருந்தது. அவர்களைப் போலந்துக்குக் கூட்டிப்போய், நாசிகள் யூதர்களைக் கொன்றொழித்த முகாம்களைக் காட்டி, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். தலைவன் என்றால் கழுத்தில் ஏதாவது தொங்க வேண்டாமா?

“ஓம், தொங்கட்டும். மாடு எங்க நிக்குதெண்டு பிள்ளையளுக்குத் தெரிய வேணும்தானே,” என்றாள் மனைவி.

என் வேலை ஒரு வருட ஒப்பந்தம். பயணம் முடிந்ததும் மாணவர்கள் ஆளுக்கொரு தாளில் அபிப்பிராயம் எழுதுவார்கள், அதைப் பார்த்துத்தான் ஒப்பந்தத்தை நீட்டுவது பற்றி யோசிப்போம் என்று துறைத் தலைவர் சொல்லியிருந்தார். ஆகவே பதினெட்டுப் பேருக்கும் என்னைப் பிடித்தாக வேண்டும். அதற்குக் குறுக்கே வந்தவர் எங்கள் துறையின் தட்டச்சாளர் அம்மா. டிக்கெட், கடவுச்சீட்டு வேலைகளைக் கவனிக்க எங்களோடு அனுப்பப்பட்டவர். ஐம்பது தாண்டியவர். துறைத் தலைவர் முதல் தபால்காரர் வரை எல்லாரையும் ‘லவ்’ என்றே அழைப்பார். கையில் எந்நேரமும் கம்பளிப் பின்னல்.

அந்நாளில் வெள்ளைக்கார முகங்கள் எனக்கு ஒரே அச்சில் வார்த்தவை. குழுவில் மூன்று டேவிட், நான்கு சூ. யாரைக் கூப்பிட்டாலும் வேறு யாரோ திரும்பினார்கள். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுத்தேன். விசில் ஊதியதும் ஒன்றிலிருந்து பதினெட்டு வரை வரிசையாகக் கத்த வேண்டும். பல்கலைக்கழகப் புல்வெளியில் ஒத்திகையும் நடந்தது. அவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கோ நிர்வாகத்தில் பெரிய கண்டுபிடிப்பொன்றைச் செய்துவிட்ட பெருமிதம்.

ஜனவரி வெயிலில் துல்லாமரீன் விமான நிலையத்தை விட்டுக் கிளம்பிப் போலந்தின் பனிக்குள் இறங்கினோம். அதற்கிடையில் தட்டச்சாளர் அம்மாவுக்கு எல்லாரையும் தெரிந்துவிட்டது. எவனுக்கு பஸ்ஸில் வாந்தி வரும், எவளுடைய அக்காவுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, எல்லாம். தலையிடி என்றால் அவரிடம் போனார்கள். அழுகை வந்தாலும் அவரிடம்தான். என்னிடம் வந்து கேட்ட ஒரே கேள்வி, “அவர் எங்கே?” என் விரிவுரைக்கு முன்வரிசையே நித்திரைகொண்டது. எனக்குள் எரிந்ததைப் பொறாமை என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. பயணத்தின் ஒழுங்கு கெடுகிறது என்று சொல்லிக்கொண்டேன். ஒருநாள் அவரிடம் போய், பஸ்ஸின் நடுவில் இருந்தால் மாணவர்களின் கவனம் சிதறுகிறது என்று மிகப் பணிவாகச் சொன்னேன். “சரி, லவ்,” என்று எழும்பிக் கடைசிக் கதிரைக்குப் போனார். பஸ்ஸில் பாதி அவருக்குப் பின்னால் போனது.

அடுத்த நாள் பெரிய முகாமுக்குப் போகும் வழியில் ஐம்பது நிமிடம் பேசினேன். மனிதரிடமிருந்து முதலில் பெயரைப் பறித்தார்கள், பிறகு இலக்கம் கொடுத்தார்கள், அந்த இலக்கத்தைச் சொல்லிச் சொல்லிப் பனியில் மணிக்கணக்காக நிற்கவைத்தார்கள் என்று விளக்கினேன். முதல் தடவையாக எல்லாரும் விழித்திருந்தார்கள். தட்டச்சாளர் அம்மாகூடப் பின்னலைக் கீழே வைத்தார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

முகாமுக்குள் இரண்டு மணி நேரம் நடந்தோம். கைதிகளை எண்ணுவதற்காக நிறுத்திய அந்தப் பெரிய முற்றத்தில் கடைசியாக வந்து நின்றோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் விசிலை எடுத்து ஊதினேன்.

“ஒன்று,” என்றது ஒரு குரல், பழக்கத்தில். இரண்டு, மூன்று. ஒவ்வொன்றும் முன்னதைவிட மெல்லியதாக வந்தது. ஆறு. அதற்குப் பிறகு சத்தமில்லை.

“ஏழு! ஏழு எங்கே?” என்று கத்தினேன்.

ஏழு எனக்கு நேரெதிரே நின்றாள். அவளுடைய தாய் இப்படியான முகாமொன்றில் உயிர்தப்பி மெல்பேர்ணுக்கு வந்தவர். அவளுடைய விண்ணப்பத்தை வாசித்த தட்டச்சாளர் அம்மாவுக்கு அது தெரியும். எனக்கு அவள் ஏழு.

“நம்பர் சொல்ல மாட்டேன்,” என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். “இங்கே மாட்டேன்.”

காலையில் நான் பேசிய ஐம்பது நிமிடமும் ஒன்றாக என் தலையில் இறங்கியது. மறுபடி ஊதுவதற்காக விசிலை வாயில் வைத்திருந்தேன். பித்தளை குளிரில் உதட்டோடு ஒட்டிக்கொண்டதால் எடுக்கவும் முடியவில்லை. தட்டச்சாளர் அம்மா முன்னால் வந்தார். கையில் பட்டியல் இல்லை. அந்தப் பெண்ணின் முழுப்பெயரை முதலில் சொன்னார். “இருக்கிறேன்,” என்றாள் அவள். பிறகு மூன்று டேவிட்டும் நான்கு சூவும் தத்தம் குடும்பப் பெயரோடு மூன்று பேராகவும் நான்கு பேராகவும் ஆனார்கள். பதினெட்டும் முடிந்தது. பத்தொன்பதாவதாக அவர் என் பெயரைச் சொன்னார். துறையில் எல்லாரும் இரண்டு எழுத்தோடு களைத்துப்போகும் பெயர். அவரோ என் அப்பாவின் பெயரையும் சேர்த்து, ஓரெழுத்தும் சிந்தாமல் சொன்னார்.

“ஓம்,” என்றேன், விசில் உதட்டில் தொங்க, தமிழிலேயே. உதட்டைப் பிய்த்துக்கொண்டு விசிலை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டேன். வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.

பஸ்ஸில் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். “சரி,” என்று மட்டும் சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பினாள். அந்த நேரத்திலும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குள் ஒரு மூலை எரிந்துகொண்டுதான் இருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது எத்தனை சின்ன விஷயம். அது எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா?

மெல்பேர்ண் திரும்பியபின் துறைத் தலைவர் தாள்களை என் முன்னால் வைத்தார். பதினேழு தாள்கள் தட்டச்சாளர் அம்மாவைப் பற்றி. ஒன்றில் மட்டும் நான் இருந்தேன். அந்தப் பெண்ணின் தாள்: “பெயர் கூப்பிட்டபோது ஆசிரியரும் பதில் சொன்னார். விசிலைப் பைக்குள் போட்டுவிட்டு எங்களோடு வந்து நின்றார்.” தலைவர் அதை இரண்டு தடவை வாசித்தார். ஒப்பந்தம் இன்னொரு வருடம் நீண்டது.

“பதினேழுக்கு ஒண்டு,” என்றாள் மனைவி. “நீங்கள் விளையாடின மட்ச்சுகளுக்குள்ள இதுதான் நல்ல ஸ்கோர்.”

அடுத்த பயணத்துக்கு முன் மாணவர்களின் பெயர்களைக் குசினி அலுமாரிக் கதவில் ஒட்டிவைத்துப் பாடமாக்கினேன். விசிலைப் பிறகு ஒருபோதும் ஊதவில்லை. தட்டச்சாளர் அம்மா இறந்து பல வருடமாகிறது. லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் அந்த முதல் பதினெட்டுப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். அந்தப் பெண்ணின் பெயரில் தொடங்குவேன். பதினைந்து வரை வரும், நல்ல நாளென்றால் பதினாறு. தட்டச்சாளர் அம்மா இருந்திருந்தால் அவருக்கு இன்றைக்கும் பதினெட்டும் வந்திருக்கும், என்னுடையதும் சேர்த்துப் பத்தொன்பது. லாச்சியை மூடுகிறேன், கொஞ்சம் அடித்தே மூடுகிறேன்.