ஃபிட்டர் கந்தப்பன் வீட்டுக் காபி மெஷின்

கந்தப்பண்ணன் ஒரு மெஷினைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. துணியில் பட்டை விழுந்தாலும் சரி, ஓட்டை விழுந்தாலும் சரி, நிட்டிங் கம்பெனி ஓனர் போன் போட்டுக் கத்தினால் இவர் சொல்லும் பதில் ஒன்றுதான்.

"நூலப் பாருங்க. என்ற மெஷின்ல கை வெக்காதீங்க."

பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். இல்லாத நாளில் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சோமனூரில் தறி ஓட்டிய குடும்பம். அந்தச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்ததால் மெதுவாகப் பேசத் தெரியாது. சின்ன வயதில் திருப்பூருக்கு வந்து நிட்டிங் மெஷினுக்கு அடியில் ஆயில் துடைக்க உட்கார்ந்தவர். இன்றைக்கு எங்கள் பக்கத்தில் எந்தக் கம்பெனியில் புது மெஷின் இறங்கினாலும் ஊசி மாட்ட, துணியைக் கேட்ட எடைக்குக் கொண்டுவர அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் வைத்திருப்பது மெஷின் ஸ்பேர்ஸ் கடை. ஊசி வாங்க வருவார். வாங்குவது ஐந்து நிமிடம், பேசுவது ஒரு மணி நேரம். அவர் போன பிறகும் கடைக்குள் ஆயில் வாசம் நிற்கும்.

அந்த வாசத்துக்காக அவர் சம்சாரம் அமராவதியக்கா போடும் சண்டை எங்கள் வீதிக்கே தெரியும். எதிர் வீடு என்பதால் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். வேலை முடிந்து வந்தவரை வாசலிலேயே நிறுத்துவார்.

"ஏனுங்க, சட்டையக் கழட்டி வெளிய போட்டுட்டு உள்ள வாங்க. ஊடே நாறுது."

அக்காவுக்கு அப்படி ஒரு மூக்கு. என் வீட்டில் ரசம் வைத்தால் அங்கிருந்தே, "பெருங்காயம் பத்தலீங்க" என்று சத்தம் போடுவார். போய்ப் பார்த்தால் பத்தாமல்தான் இருக்கும்.

போன வருஷம் அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பால் தீய்ந்தால் அக்காவுக்குத் தெரியவில்லை. ஊறுகாய்க்கும் சோற்றுக்கும் வித்தியாசம் காரம் மட்டும்தான் என்றார். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். ஒரு நாள் மத்தியானம் அண்ணன் எதையோ எடுக்க வீட்டுக்கு வந்தால், அடுப்பு அணைந்து கேஸ் வந்துகொண்டிருக்கிறது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார். அன்றைக்குப் பிறகு அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போது கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுத்தான் கிளம்புவார். அவர் பேச்சும் அன்றிலிருந்து குறைந்துபோனது.

கோயமுத்தூரில் ஒரு மூக்கு டாக்டரிடம் போனார்கள். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். தெரிந்த வாசம் எதையாவது தினமும் மோந்து பாருங்கள், மனம் விடாதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

ஆஸ்பத்திரிக்குக் கீழே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு காபிக் கடை. இரண்டு காபி சொன்னார்கள். கூட்டத்தில் டோக்கன் மாறி, அக்கா கைக்கு ஒரு சின்னக் கப்பில் பாலில்லாத கறுப்புக் காபி வந்தது. கப்பில் பாதிகூட இல்லை. அண்ணன் சண்டைக்குத் தயாராகிவிட்டார். அதற்குள் அக்கா ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"ஏனுங்க, கசக்குதுங்க."

"குடு இப்படி. திருப்பிக் குடுத்துட்டு வாறேன்."

"இருங்க, இருங்க. நல்லாக் கசக்குது. நாக்குல என்னமோ இருக்கறது தெரியுதுங்க."

மிச்சம் வைக்காமல் குடித்தார். பஸ்ஸில் வரும்போது, "அந்தக் கசப்பு இன்னும் இருக்குதுங்க" என்று இரண்டு முறை சொன்னாராம். அவ்வளவுதான். வீட்டில் அந்த மாதிரி மெஷின் ஒன்று இருக்க வேண்டும் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார்.

அவர்கள் மகள் கிருத்திகா சென்னையில் வேலை பார்க்கிறது. யோசனை கேட்க என் கடையிலிருந்துதான் போன் போட்டார், ஸ்பீக்கரில்.

"அப்பா, எஸ்பிரஸ்ஸோ மெஷின்னு பேரு. உங்களுக்கு கேப்சூல் மெஷின்தான் சரி. ஒரு டப்பியப் போட்டு பட்டன அமுக்கினாப் போதும்."

"டப்பி தீந்துபோனா?"

"ஆன்லைன்ல வாங்கிக்கலாம்பா. அந்தக் கம்பெனிக்காரனே விக்கறான்."

"வேண்டாங் கண்ணு. மெஷினும் அவன்கிட்ட, நூலும் அவன்கிட்டன்னா, அவன் வெச்சதுதான சட்டம்?"

"அப்ப பம்ப் வெச்சது வாங்குங்க. வெறும் ஆவியில ஓடறது வேண்டாம், காபி தீஞ்சாப்புல இருக்கும். பிரஷர் பதினஞ்சு, இருவதுன்னு அட்டையில போட்டிருப்பான், அதப் பாத்து மயங்கிடாதீங்க."

"உள்ள போடற ரப்பர் வாசர் லோக்கல்ல கெடைக்குமா?"

"அப்பா! காபி குடிக்க வாங்கறீங்களா, கழட்டறதுக்கு வாங்கறீங்களா?"

"கழட்ட முடியாத மெஷின் எனக்கெதுக்குக் கண்ணு?"

அவர் நல்ல நேரம், வெளிநாட்டுக்குத் துணி வாங்கி அனுப்பும் ஒரு பையிங் ஆபீஸ் இடம் மாறியது. வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் காபி கொடுக்க வைத்திருந்த மெஷினை மேஜை நாற்காலியோடு சேர்த்து விற்றார்கள். அண்ணன் ஸ்க்ரூ டிரைவரோடு போனார். அங்கேயே பின்மூடியைக் கழட்டி உள்ளே பார்த்தார். பசை போட்டு ஒட்டாமல், எல்லாம் ஸ்க்ரூவில் நின்றது. "ஒழுக்கமான மெஷின்" என்று சொல்லி, தூக்கி வந்து, மிக்ஸி இருந்த இடத்தில் வைத்தார்.

"மிக்ஸி எங்கீங்க?" என்று கேட்டார் அக்கா.

"கீழ எறக்கி வெச்சிருக்கறேன்."

"அப்பச் சட்னி வேணும்னா நீங்களும் கீழ உக்காந்து அரைச்சுக்கங்க."

ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கப்பைக் கழுவி எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

அண்ணன் கைப்பிடி வைத்த வடிகட்டியில் பொடியைப் போட்டார், அமுக்கினார், மெஷினில் மாட்டினார், பட்டனைத் தட்டினார். மெஷின் உறுமியது. காபி வரவில்லை. வியர்வை மாதிரி இரண்டு சொட்டு விழுந்தது. பிறகு கைப்பிடியின் ஓரத்தில் தண்ணீர் பீச்சிச் சுவரெல்லாம் அடித்தது.

மறுநாளிலிருந்து ரிப்பேர். எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு, குழாயில் படிந்திருக்கும் என்றார். குழாய்களைக் கழட்டி எலுமிச்சை உப்புத் தண்ணீரில் ஊறவைத்ததில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு வந்தது. "பாத்தியா தம்பி" என்று எனக்குக் காட்டினார். மாட்டினால் அதே இரண்டு சொட்டு. பம்ப்பைக் கழட்டினார், அதில் பழுது ஒன்றும் இல்லை. ஓரத்தில் தண்ணீர் பீச்சுகிறதே, வாசர் போயிருக்கும் என்று தன் பெட்டியில் கிடந்த கறுப்பு ரப்பர் ஷீட்டை வட்டமாக வெட்டி, வாசராகப் போட்டார். நிட்டிங் மெஷின் அதிராமல் இருக்கக் காலுக்கு அடியில் வைக்கிற ஷீட் அது. பீச்சுவது நின்றது. அந்த இரண்டு சொட்டும் நின்றது.

இப்படியே நாள் போனது. முதல் நாள் கப்போடு நின்ற அக்கா, பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. டாக்டர் சொன்னபடி காலையில் கிராம்பையும் எலுமிச்சையையும் மோந்து பார்ப்பவர், அதையும் விட்டுவிட்டார். ஒரு சாயங்காலம் நான் அங்கே இருக்கும்போதே சொன்னார்.

"விடுங்க மாமா. கசப்புதான வேணும், கசாயம் வெச்சுக் குடிச்சுக்கறேன். இனிமே எனக்கு இவ்வளவுதான்."

அண்ணன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மறுபடி பின்மூடியைக் கழட்டப் போனார். அந்த அவசரத்தைப் பார்த்ததும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏனுங்க, எத்தன வாட்டி அதக் கழட்டுவீங்க? பொடி போடாம வெறுந்தண்ணி விட்டுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. மனுசன் விழித்தார். அக்காவே வந்து, கழுவின வடிகட்டியை மாட்டி, பட்டனைத் தட்டினார். சுடுதண்ணீர் கோடு கிழித்தாற்போல இறங்கியது.

"மெஷின் நல்லாருக்குதுங்க" என்றார் அக்கா. "நூலப் பாருங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஊரெல்லாம் போய் அவர் சொல்கிற வார்த்தை அது. அண்ணன் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்ற கோலத்தை போட்டோ எடுக்காமல் விட்டுவிட்டேன்.

நூல் என்றால் இங்கே காபிப் பொடி. இசக்கிமுத்து கடையில்தான் எங்கள் வீதியே பொடி வாங்குகிறது. திருநெல்வேலிக்காரர். கண் முன்னாலேயே வறுத்து அரைத்துத் தருவார். அண்ணன் நேராக அங்கே போய் நின்றார்.

"என்ற பொடியில என்னங்க கலந்தீங்க?"

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்கிய? எப்பவும் போல சிக்கரிதான். அது இல்லாட்டி டிக்காசன் கெட்டியா இறங்காதுல்லா?"

அண்ணன் மெஷின் கதையைச் சொன்னார். இசக்கிமுத்து தலையில் கை வைத்தார்.

"அட அண்ணாச்சி! சிக்கரி தண்ணி பட்டா களி மாதிரி ஊறிக்கிடும். அதப் போட்டு அமுக்கிட்டு, காபி வரலன்னா எப்படி வரும்? கொட்டைய மட்டும் அரைச்சுத் தாரேன், கொண்டுட்டுப் போங்க."

சிக்கரி இல்லாமல் போட்டதும் எதிர்ப்பக்கம் போனது. தண்ணீர் தடதடவென்று இறங்கி, மஞ்சளாக ஒரு புளிப்புத் தண்ணீர் வந்தது. ஆனால் இப்போது அண்ணன் முகத்தில் கவலை இல்லை. துணி லூசாக வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எங்கள் தொழிலில் துணியை வட்டமாக ஒரு வில்லை வெட்டி, சின்னத் தராசில் எடை போட்டுப் பார்ப்பார்கள். எடை குறைந்தால் பின்னலை இறுக்கும் திருகை ஒரு கோடு திருப்பி, மறுபடி வெட்டி எடை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திருப்ப வேண்டும். இரண்டைத் திருப்பினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும். அந்தத் தராசை வீட்டுக்குக் கொண்டுவந்து பொடியை நிறுத்தார். எடையை மாற்றாமல் அரைப்பை மட்டும் மாற்றினார். இன்னும் நைசு, இன்னும் கொஞ்சம் நைசு என்று இசக்கிமுத்து கடைக்கு நடையாக நடந்தார்.

"அண்ணாச்சி, இதுக்கு மேல அரைச்சா பவுடராப் பூசிக்கிடலாம்" என்றார் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். போனேன். கருந்தேன் மாதிரி மெல்லிசாக இறங்கியது காபி. மேலே பொன் நிறத்தில் நுரை. அண்ணன் மூச்சை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கப்பை எனக்குக் கொடுத்தார், ருசி பார்த்துச் சொல்ல.

குடித்தேன். காபி நல்ல காபிதான். ஆனால் அதற்குப் பின்னால் ரப்பர் வாசம் குப்பென்று அடித்தது. அண்ணன் முகத்தைப் பார்த்தேன். எப்படிச் சொல்வது?

"நல்லாருக்குதுங்ணா" என்றேன்.

இரண்டாவது கப்பை அக்காவிடம் கொடுத்தார். அக்கா ஒரு வாய் குடித்தார். கசப்புக்கு முகம் சுளித்தார். பிறகு கப்பை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"என்னுங்க இது? டயர எரிச்சாப்புல இருக்குது?"

"கசப்பச் சொல்றயா?"

"கசப்பில்லீங்க. வாசம். ரப்பர் வாசம்."

அண்ணனுக்குக் கோபம் ஏறிவிட்டது. எத்தனை நாள் பாடு! "ரப்பருமில்ல, டயருமில்ல. மெஷின் சூடான வாசம். தம்பி குடிச்சுட்டு நல்லாருக்குதுங்கறான், உனக்கு மட்டும் என்ன?"

"அவரு உங்களுக்குப் பயந்துட்டுச் சொல்றாருங்க. இந்த அடி அடிக்குது, உங்களுக்கு என்ன மூக்கு செத்தா போச்சு?"

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். கப்பை மறுபடி மோந்து பார்த்தார். குனிந்து மெஷினை மோந்து பார்த்தார். கறுப்பு வாசர் இருக்கும் இடத்துக்கு நேராக விரலை நீட்டினார்.

"இங்கிருந்துங்க."

அண்ணன் கைப்பிடியைக் கழட்டி, சூடாக இருந்த வாசரைத் துணியால் பிடித்து உருவி, அக்கா மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இதா அம்மிணி?"

"ஐயே, தூரப் போடுங்க மாமா" என்றார் அக்கா. சொல்லிவிட்டு அழுதார். அண்ணன் அந்த நாற்றம் பிடித்த வாசரைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். நான் என் கப்பில் இருந்ததை மிச்சமில்லாமல் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

சூடு தாங்குகிற சிலிகான் வாசர் கோயமுத்தூரில் கிடைத்தது. அதை இப்போது மாட்டியிருக்கிறார். மிக்ஸி கீழேயேதான் இருக்கிறது. சட்னிக்கு அண்ணன்தான் உட்கார்ந்து அரைக்கிறார். அக்காவுக்கு மூக்கு முழுசாக வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சில நாள் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை. மல்லிகை இன்னும் தெரியவில்லையாம். காலையில் காபியை மோந்துவிட்டுத்தான் குடிக்கிறார். சிலிண்டரை மூடும் வேலையை அண்ணன் இன்னும் விடவில்லை.

போன வாரம் அண்ணன் கடைக்கு வந்தார். பை நிறைய ஊசி வாங்கினார். போகாமல் நின்றுகொண்டே இருந்தார்.

"என்னுங்ணா, வேற ஏதாவது வேணுமா?"

"ஒண்ணுமில்ல தம்பி. நேத்து ஊட்டுக்குப் போனனா, வாசப்படியில நிறுத்திப்போட்டா. சட்டையக் கழட்டி வெளிய போட்டுட்டு வாங்க, ஆயில் நாறுதுன்னு சத்தம் போடறா."

கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர் மாதிரி நின்று சொல்லிவிட்டு, அடுத்த கடைக்கும் போனார். அங்கேயும் அதையே சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது என் கடை வரைக்கும் கேட்டது.