வார்டிலிருந்து வந்த நாற்காலி

அந்த இரும்பு நாற்காலி ஒரு பேருந்தின் கூரைமேல் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தது. வேலூரில் என் மனைவி செவிலியாகப் பணியாற்றிய மருத்துவமனையில், கழித்துப்போட்ட கட்டில்களையும் மேசைகளையும் ஊழியர்களுக்கே விற்றபோது அவள் இந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தாள். கைப்பிடி வைத்தது, மருத்துவமனைகளுக்கென்றே கலக்கியதுபோன்ற வெளிறிய பச்சை வண்ணம் பூசியது, பின்னங்கால்களில் ஒன்று சற்றுக் குட்டை. ஆம்பூர் நிறுத்தத்தில் அதைக் கூரையிலிருந்து இறக்கிய நடத்துனர், "இன்னா சிஸ்டர், சேருக்கு டிக்கெட் எடுக்கலையே?" என்றார். "வேலூர்லேந்து நான் நின்னுக்கிட்டேதான் வந்தேன் கண்டக்டர். எடுத்த டிக்கெட்ட அதுக்கு வெச்சுக்குங்க," என்றாள் அவள். அழைத்துச் செல்ல வந்திருந்த நான், வீட்டில் ஏற்கெனவே நாற்காலி இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தவன், அதைத் தோளில் தூக்கிக்கொண்டேன்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. நான் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளனாக இருந்தேன். அழுகாமல் இருப்பதற்காக உப்பிட்டு வரும் தோல்களை முதலில் நீரில் ஊறவைப்பார்கள். அந்த உப்பெல்லாம் ஊறல் நீரோடு வெளியேறி, கால்வாய் வழியே பாலாற்றில் சேரும். அதை நீரிலிருந்து மீட்க மலிவான முறையொன்றைக் கண்டறிவதே என் முனைவர் பட்ட ஆய்வு. வேலையில் இருந்துகொண்டே சென்னையில் பகுதிநேர மாணவனாகப் பதிவு செய்திருந்தேன். பட்டம் கிடைத்தால் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் பணி தருவதாக வாக்களித்திருந்தார்கள். ஆசிரியனாக வேண்டும் என்பதைத் தவிர வேறு பெரிய விருப்பம் எதுவும் அக்காலத்தில் எனக்கு இருந்ததில்லை. ஆனால் சோதனைகள் முடிந்து நெடுநாளாகியும் ஆய்வேட்டின் முதல் பக்கத்தை எழுத முடியவில்லை. வீடு திரும்பியதும் உடம்பிலிருந்து தோலின் வாடை போகும்வரை தேய்த்துக் குளிப்பேன், உண்பேன், நாளை தொடங்கலாம் என்று படுத்துக்கொள்வேன்.

என் மனைவி முதுகெலும்பு முறிந்தவர்களுக்கான வார்டில் இருந்தாள். மரத்திலிருந்தும் கிணற்று மேட்டிலிருந்தும் விழுந்தவர்கள் மாதக்கணக்கில் அங்கே படுத்திருந்தார்கள். பார்க்க வரும் உறவினர்கள் வாசலில் நுழைந்ததும் எப்போது நடப்பான் என்றே கேட்பார்களாம். செவிலியர் ஒருவரும் அப்படிக் கேட்பதில்லை. அந்த வார்டின் வழக்கத்தில் ஒரே கேள்விதான் உண்டு: இன்றைக்கு உட்கார்ந்தாயா? உட்கார்ந்தவனிடம் எவ்வளவு நேரம் என்று விசாரிப்பதில்லை. உட்காராதவனைக் கடிந்துகொள்வதும் இல்லை. ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர், புளி உலுக்க ஏறி விழுந்தவர், ஒருநாள் எரிச்சலோடு, "உக்காந்து இன்னாத்தக் கிழிக்கப் போறேன் சிஸ்டர்?" என்றிருக்கிறார். "உக்காந்தா சன்னல் தெரியும்ணே," என்று இவள் சொல்லியிருக்கிறாள். படுத்திருப்பவருக்கு மேலே சுழலும் மின்விசிறி மட்டுமே தெரியும் என்பதை அவள் கவனித்திருந்தாள். இதை என்னிடம் ஓர் அறிவுரையாக அவள் சொல்லவில்லை. வெங்காயம் உரித்தபடி, அன்றைய வார்டுச் செய்திகளில் ஒன்றாகச் சொன்னாள்.

நாற்காலி வந்த அன்று அதைச் சுவரைப் பார்த்துப் போட வேண்டும் என்றேன். கவனம் சிதறாது என்பது என் வாதம். அவள் மேசையை இழுத்துச் சன்னலுக்கு அடியில் போட்டாள். மறுநாள் தொழிற்சாலையில் வெட்டி எறிந்த தோல் துண்டொன்றைக் கொண்டுவந்து மடித்துக் குட்டைக் காலுக்குக் கீழே வைத்தேன். ஆட்டம் நின்றது. "பரவால்லையே, உங்க படிப்பு மொதல்ல நாற்காலிக்கு ஒதவிச்சே," என்றாள்.

விடியற்காலை எழுத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. அவளுக்கு இரவுப் பணி உள்ள வாரங்களில், அவள் வந்து சேரும் நேரத்துக்கு மண்ணெண்ணெய் அடுப்பில் வெந்நீர் போட்டு வைத்திருப்பேன். விடிய விடிய நின்ற கால்களை வாளியில் நனைத்தபடி, "உக்காந்தீங்களா?" என்பாள். "உக்காந்தேன்." "செரி." அத்துடன் பேச்சு முடிந்துவிடும். எத்தனை பக்கம் என்று அவள் கேட்டதே இல்லை. என் ஆய்வு வழிகாட்டி கேட்டார், கல்லூரியில் கேட்டார்கள், ஒவ்வொரு முறையும் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லித் தப்பித்தேன். இவள் கேள்விக்கு மட்டும் உண்மையாகவே ஆம் என்று சொல்ல முடிந்தது. எழுத்து வருவதும் வராததும் என் வசத்தில் இல்லை. உட்காருவது என் வசத்தில் இருந்தது. வெறுமனே உட்கார்ந்திருந்த பல காலைகளுக்குப் பிறகு ஒரு காலை முதல் வாக்கியம் வந்தது. பிறகு அது ஒரு பழக்கமாயிற்று. பழக்கம் ஓர் ஆய்வேடாயிற்று.

ஆய்வேடு தைத்துக் கட்டப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. அச்செய்தியை அவள் தன் தந்தைக்குத் தெரிவித்தாள். என் மாமனார் கிராமத்துத் திருச்சபைகளில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்கு ஞானோபதேசப் பாடம் கற்பித்து, சபையில் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் சடங்குக்கு ஆயத்தம் செய்வதே அவருடைய வாழ்நாள் பணி. அவர் அறிந்த உலகில், பாடம் முடித்த பிள்ளையைப் பீடத்தின் முன் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் அதற்குப் பிறகு தோல்வி என்ற ஒன்று கிடையாது. நிறுத்தியதே தேறியதற்குச் சமம். ஆய்வேடு சமர்ப்பிக்கப்பட்டது என்பதையும் அவர் அப்படியே விளங்கிக்கொண்டார். அடுத்த ஞாயிறு ஆம்பூருக்கு வந்தவர், எங்களிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் போதகரிடம் நன்றி கூறும் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்துவிட்டார். அறிவிப்பு நேரத்தில் போதகர், "நம்முடைய சகோதரருக்கு டாக்டர் பட்டம் அருளின தேவ கிருபைக்காக" என்று உரக்க வாசித்தார். சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கத்தில் என் மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பதைக் கண்டேன். என் அருகில் மாமனார் கண்களை மூடிக் கைகூப்பி நின்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவரைத் திருத்த எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

திங்கட்கிழமையே செய்தி தொழிற்சாலைக்கு வந்துவிட்டது. ஊறல் தொட்டிகளைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரி, ஈரத்தோல் ஒன்றை என்முன் தூக்கிப் பிடித்து, "டாக்டரு சார், இந்த ஆட்டுக்கு ஜொரமான்னு பாருங்க. தொட்டா ஜில்லுனு கீது," என்றார். அடுத்த வீட்டு பாய், தோல் வியாபாரி, மாலையில் வேலி ஓரமாக நின்று, "முட்டி வலி ஜாஸ்தியா இருக்கு டாக்டர் சாப், ஒரு ஊசி போட்டா இன்னா?" என்றார். "அவருக்கு ஊசி போட வராது பாய். நான் போடுறேன், வாங்க," என்று உள்ளிருந்து என் மனைவி குரல் கொடுக்க, பாய் ஓடியே போய்விட்டார். நானும் சிரித்தேன்.

சில மாதங்களில் ஆய்வேடு திரும்பி வந்தது. அதை மதிப்பிட்ட தேர்வாளர் ஒருவரின் ஆட்சேபம்: சோதித்த நீரெல்லாம் கோடையில் எடுத்தது, மழை கலந்து நீர் நீர்த்துப்போகும் காலத்தில் இந்த முறை நிற்குமா? அதைச் சோதித்து மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். என் பதிவுக் காலம் முடிய ஒரு மழைக்காலமே மிச்சம் இருந்தது. அதைத் தவறவிட்டால் பட்டமும் இல்லை, கல்லூரியும் இல்லை. ஆண்டுகளின் உழைப்பை ஒருவர் ஒரு வரியில் தள்ளிவிட்டதாக எனக்குப் பட்டது. தெருவில் டாக்டர் என்று எவரேனும் அழைத்தால் எதிர்ப்புறமாக நடந்தேன். நாற்காலியில் உட்காருவதை விட்டுவிட்டேன். அவள் வழக்கம்போல் கேட்டாள், இல்லை என்றேன், செரி என்றாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், "சபை முன்னால ஸ்தோத்திரம் வேற பண்ணியாச்சு. இனிமே எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுக் கோயிலுக்கு வர்றது?" என்றேன். "ஆண்டவருக்கு அட்வான்ஸா தேங்க்ஸ் சொல்லிட்டோம். அவரு கோவிச்சிக்கவா போறாரு? விடுங்க," என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

அந்த நாட்களில் அவளுக்கு மாலைப் பணி. கடைசிப் பேருந்தில் வந்து படுப்பவள், காலையில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகே எழுவது வழக்கம். ஒருநாள் விடியலில் நான் விழித்தபோது பச்சை நாற்காலியில் அவள் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "தூங்கலையா நீ?" என்றேன். "நாற்காலி சும்மா கெடக்குதுங்க. யாராச்சும் உக்காந்தா நல்லதுதான?" என்றாள். மறுநாளும் உட்கார்ந்தாள், அதற்கடுத்த நாளும். அரிசி தீர்ந்ததும் துவரம்பருப்பை எடுத்துக்கொண்டாள். பிறகு ஒரு விடியலில், முறம் மடியில் சரிந்திருக்க, தலை சன்னல் சட்டத்தில் சாய்ந்து அவள் உறங்கிப்போயிருந்தாள். தொப்பிக்குக் குத்தும் கொண்டை ஊசி ஒன்று முந்தைய நாளிலிருந்து எடுக்கப்படாமல் முடியிலேயே இருந்தது. முறத்தை மெல்ல வாங்கிக் கீழே வைத்தேன். அவள் கண் திறந்தாள்.

"உள்ள போய்ப் படும்மா."

"எடம் விட்டா உக்காருவீங்களா?"

"உக்கார்றேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். நாற்காலியில் அவள் உடலின் வெதுவெதுப்பு இருந்தது.

அன்றும் அடுத்த சில நாட்களும் நான் பேனாவைத் தொடவில்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவின் ஓரமாகத்தான் தொழிற்சாலைக் கால்வாய் ஓடியது. கோடை முழுவதும் அதன் கரையில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. முதல் மழையில் அந்தக் கோடு கரைந்தது. இரண்டு நாள் வெயில் அடித்ததும், முன்பிருந்த உயரத்துக்குக் கீழே, மெலிதாக மறுபடி தோன்றியது. நான் தினமும் தாண்டிப் போன கால்வாய் அது. தேர்வாளர் கேட்டது என்னை அவமதிப்பதற்காக அல்ல; அந்தக் கால்வாயைப் பார்த்த எவருக்கும் எழக்கூடிய கேள்விதான் அது என்பது அப்போதுதான் விளங்கிற்று. மறுநாள் காலை ஒரு கண்ணாடிப் புட்டியுடன் கால்வாயில் இறங்கினேன். மழைக்காலம் முடியும்வரை நீர் எடுப்பது நிற்கவில்லை. நான் சென்னைக்குப் போன நாட்களில் மேஸ்திரியே எடுத்து வைத்தார். மஞ்சளாகக் கலங்கிய நீர்ப்புட்டிகளை என் மேசையில் வரிசையாக வைத்து, "டாக்டரு சார், உங்க பேஷண்ட்டோட யூரின் டெஸ்ட்டு ரெடி," என்றார் ஒருநாள். வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சொன்ன நோயாளி பாலாறுதான் என்பது பிற்பாடு தோன்றியது.

மழைநீர் கலந்தபோது என் முறை தடுமாறவே செய்தது. உப்பு மிகுந்த முதல் ஊறலின் நீரைக் கால்வாயில் விடாமல் தனியே பிரித்து வைத்தால் மட்டுமே அது எக்காலத்திலும் நிற்கும் என்று கண்டேன். அந்த ஆய்வேட்டில் இன்றும் உருப்படியாக இருப்பது அந்த ஓர் அத்தியாயம்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் பட்டம் கிடைத்தது. செய்தியை என் மனைவி மாமனாரிடம் சொன்னபோது நானும் உடனிருந்தேன். அவர் குழம்பிப்போனார். "அதான் அப்பவே குடுத்துட்டாங்களேம்மா. இது இன்னொண்ணா?" என்றார். அவள் முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை. "ஆமாப்பா. மொதல்ல குடுத்தது கொஞ்சம் லூசா இருந்துச்சு. இப்பதான் அளவா தெச்சுக் குடுத்துருக்காங்க." அந்த ஞாயிறு ஆலயத்தில் இரண்டாவது ஸ்தோத்திரக் காணிக்கையும் அறிவிக்கப்பட்டது. எனக்கு இரண்டு டாக்டர் பட்டம் என்று நம்பியே அவர் இறந்தார்.

கல்லூரியில் சேர்ந்தேன்; அங்கேயே ஓய்வு பெற்றேன். ஆண்டுவிழாக்களில் வெற்றியைப் பற்றி மாணவர்களுக்குப் பேசும்படி பணிப்பார்கள். மன உறுதி, கட்டுப்பாடு, இலக்கு என்றெல்லாம் பேசுவேன். முன்வரிசையில் கேட்டுக்கொண்டிருந்தவள் வீடு திரும்பியதும், "நல்லாத்தான் பேசுறீங்க. அரிசியில கல் பொறுக்குனதப் பத்திதான் ஒண்ணுமே வரல," என்பாள்.

சென்ற மழைக்காலத்தில் அவள் மறைந்தாள். இறுதி வாரங்களில் அவள் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபோது, ஒவ்வொரு நாளும் நான் அவளைக் கேட்டேன்: "இன்னிக்கு உக்காந்தியா?" முதலில் சில நாட்கள் உட்கார்ந்தேன் என்றாள். பிறகு ஒருநாள், "கட்டிலத் திருப்பிப் போட்டுட்டாங்க. எனக்குப் படுத்தாலே சன்னல் தெரியுதுங்க. நீங்க போய்ச் சாப்பிடுங்க," என்றாள். அதைப் பற்றி இதற்குமேல் எழுத என்னால் இயலாது.

என் மகள் தினமும் தொலைபேசியில் பேசுகிறாள். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று அன்போடு கேட்கிறாள். அவள் அம்மா கேட்ட அந்த ஒரு கேள்வியைக் கேட்க அவளுக்குத் தெரியாது. நான் சொல்லித் தரவும் இல்லை. அம்மாவைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று மட்டும் பல மாதங்களாகச் சொல்லிவந்தாள். நாற்காலியின்மேல் பழைய செய்தித்தாள்கள் குவிந்து கிடந்தன. இன்று காலை அவற்றை எடுத்து அப்புறப்படுத்தினேன். உட்காரப் போனபோது நாற்காலி ஆடியது. குட்டைக் காலின் கீழிருந்த தோல் துண்டு எப்போது உதிர்ந்து குப்பையோடு போயிற்றோ தெரியவில்லை. இளமையைத் தோலோடு கழித்தவன் வீட்டில் ஒரு துண்டுத் தோல் இல்லை. பிறகு இடுப்பிலிருந்த பெல்ட்டைக் கவனித்தேன். இந்த ஓராண்டில் அதன் நுனி வேண்டிய அளவுக்கு மேல் நீண்டு தொங்கத் தொடங்கியிருக்கிறது. மிகுதியை வெட்டி, மடித்து, காலுக்கு அடியில் வைத்தேன். ஆட்டம் நின்றது.

கால்வாயை மூடிச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண், வானத்தைப் பார்த்துப் பார்த்து, உலர்ந்த துணிகளை அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கீழே இறங்கிப் போன பிறகும், மழை வந்து கொடி நனைந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. எவ்வளவு எழுதினேன், அது எப்படி வந்திருக்கிறது என்பதெல்லாம் இருக்கட்டும். இன்றைக்கு உட்கார்ந்தேன். கேட்டவளுக்கு எப்போதும் அது போதுமானதாக இருந்தது.