சமையல்கட்டுக்கும் கொஞ்சம் குளிர்காற்று

வெயில் கொளுத்தினால் ஊரே சூரியனைத் திட்டும்; ஏசி தொழிலில் இருக்கிற நாங்கள் மட்டும் யாருக்கும் கேட்காமல் அதற்கு நன்றி சொல்லிக்கொள்வோம். தாம்பரத்தில் ஒரு சின்ன ஏசி கம்பெனியில் எனக்கு வேலை. வீடு வீடாகப் போய் அளவெடுத்து, எந்த அறைக்கு எவ்வளவு குளிர் வேண்டும் என்று கணக்குப் போட்டு, மெஷினை எங்கே வைப்பது என்று படம் வரைந்து கொடுப்பேன். மே மாதத்து மத்தியானத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டு சிக்னலில் ஸ்கூட்டரோடு நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுவரில் ஓட்டை போட்டுவிட்டு ‘இதோ வரேன்’ என்று போன ஏசிக்காரனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவமும் உங்களுக்கு இருக்கும். ஆகையால் இதை உங்களிடம் சொல்லலாம்.

எங்களுக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் சுவரில் மாட்டுகிற சாதாரண ஏசிதான். போன கோடையில் பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவில், வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய மாடி வீடுகளில் ஒன்றுக்கு சென்ட்ரல் ஏசி வேண்டும் என்று கூப்பிட்டார்கள். மெஷின் கண்ணில் படாது. கூரைக்கடியில் தகர டக்ட் ஓடும். அறைக்கு அறை ஒரு கிரில் வழியாகக் காற்று இறங்கும். மாடிக்குத் தனி மெஷின், அந்த வேலை சமர்த்தாக முடிந்து போனது. இங்கே நான் சொல்லப்போவது கீழ்த்தளத்தைப் பற்றி.

சார் எப்போ வருவார்?

கதவைத் திறந்தவர் சுந்தரேசன் சார். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பிறகு என் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தார். “சார் பின்னாடி வராரா?” என்றார். எந்த சார் என்று கேட்டேன். “ஏசி சார்” என்றார். இது எனக்குப் பழக்கம்தான். பதில் சொல்லி அலுத்துவிட்டதால் டேப்பை எடுத்துக்கொண்டு ஹாலை அளக்க ஆரம்பித்தேன். அவர் மகன் கார்த்திக் லேப்டாப்பை மூடிவிட்டு டேப்பின் மறுமுனையைப் பிடித்தான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன். யாரோ நண்பன் வீட்டில் சென்ட்ரல் ஏசியைப் பார்த்துவிட்டு வந்து இந்த ஆசையைக் கிளப்பிவிட்டவனும் அவன்தான்.

சுந்தரேசன் சார் அப்போதும் வாசலிலேயே நின்றார். சமையல்கட்டிலிருந்து அவர் மனைவி லலிதா அக்கா வெளியே வந்தார். தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஏங்க, அந்தப் பொண்ணு பாதி வீட்டை அளந்துட்டா. நீங்க இன்னும் யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க?”

கணக்கில் வராத அறை

ஹால், பூஜை அறை, படுக்கையறை என்று சுந்தரேசன் சார் விரல் விட்டு எண்ணினார். சமையல்கட்டு அந்த விரல்களில் வரவில்லை. நான் போகிற எந்த வீட்டிலும் வருவதில்லை. சும்மா சுவரை அளக்கலாம் என்று உள்ளே போனேன். வாஸ்துப்படி அக்கினி மூலையில் கட்டியிருந்தார்கள். காலை வெயில் நேராக உள்ளே வந்து அடுப்போடு சேர்ந்துகொள்ளும். குக்கர் ஒரு விசில் விட்டதும் என் கண்ணாடி மூடுபனி போட்டுக்கொண்டது.

வெளியே வந்து, இங்கேயும் ஒரு கிரில் வைக்கலாம் சார் என்றேன். அடுப்பிலிருந்து தள்ளி வைத்தால் தீ ஆடாது. உள்ளே காற்று போகும், ஆனால் அங்கிருந்து மெஷினுக்குத் திரும்ப வழி வைக்க மாட்டோம். சிம்னியைப் போட்டால் புகை வெளியே போய்விடும் என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார், ஒத்துக்கொள்கிற ஆட்டம் இல்லை. “வேண்டாம்மா. லலிதா மீன் வறுப்பா. பூஜை ரூம்ல வஞ்சிரம் வாசனை வந்தா சாமி என்னைத்தான் கேட்கும்” என்றார். கார்த்திக்கும் சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டில் அதிகமாக வேகிற ஆளுக்குத்தான் காற்று இல்லை என்கிறார்கள். லலிதா அக்கா சண்டை போடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “நீங்க எல்லாரும் குளுகுளுன்னு உட்கார்ந்து சாப்பிடுங்க. நான் உள்ளயே வெந்து, கடைசியில நானும் ஒரு ஐட்டமா வெளிய வரேன்.”

லாஃப்ட் யாருடையது?

அடுத்த வாரம் துரை அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். பம்மலில் பட்டறை வைத்திருக்கிறார். எங்களுக்கு டக்ட் வளைத்து மாட்டித் தருகிறவர் அவர்தான். மெஷின் வைக்க இடம் தேடினோம். பாத்ரூம் மேலே வைக்கலாம் என்றால் உயரம் போதாது, படுக்கையறையில் குறுக்கே பீம் போகிறது. மிச்சம் இருந்தது ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் இருக்கிற நடையின் மேலே ஒரு லாஃப்ட். துரை அண்ணன் ஏணியில் ஏறி அதன் கதவைத் திறந்தார். சீர் வந்த அண்டா, இட்லிக் கொப்பரை, செய்தித்தாளில் சுற்றிய கொலு பொம்மைகள், எப்போதோ செத்துப்போன மிக்ஸிகளின் தெர்மோகோலோடு கூடிய அட்டைப்பெட்டிகள். “இன்னாக்கா இது, மேல ஒரு கல்யாண மண்டபமே கீது!” என்று அங்கிருந்தே கத்தினார்.

“அதையெல்லாம் இறக்கிடலாம்” என்றார் சுந்தரேசன் சார், தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுக்கிறவர் மாதிரி. லலிதா அக்கா வந்து, ஒரு சாமானையும் இறக்க விடாமல் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அந்த வீட்டில் வேறு எங்கேயும் மெஷின் வைக்க முடியாது, அது லலிதா அக்காவுக்கும் தெரிந்துவிட்டது. சார் என்னை முறைத்தார், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைத்தாரோ என்னவோ. நான் டேப்பில் இல்லாத எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். லலிதா அக்கா சொன்னார்: “தாராளமா இறக்குங்க. பதிலுக்கு கிச்சன்ல எனக்கு ஒரு கிரில் வரணும். முடியாதுன்னா மெஷினை உங்க மடியில வச்சுக்கங்க.”

பக்கத்து வீட்டுக் கோபம்

ஒட்டிக் கட்டிய வீட்டில் ஒரு சுவரைத் துளைத்தால் ரெண்டு வீடு அதிரும். துரை அண்ணன் டிரில்லிங் மெஷினை அழுத்திக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, பக்கத்து வீட்டு அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். சுவரில் மாட்டிய சாமி படமெல்லாம் ஆடுகிறதாம், இட்லி மாவில் சுண்ணாம்பு விழுந்ததாம். நியாயமான கோபம்தான். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் லலிதா அக்கா அவரைக் கையைப் பிடித்து சமையல்கட்டுக்குள் கூட்டிப்போய், டக்ட் வரப்போகிற இடத்தைக் காட்டினார். உள்ளே கொஞ்ச நேரம் குசுகுசு. வெளியே வந்த அந்த அம்மா என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “மாவு போனா போகட்டும், வேற அரைச்சுக்கறேன். எங்க வீட்டுக்கு எப்ப வருவீங்க? முதல்ல கிச்சன், மத்ததெல்லாம் அப்புறம்.”

வஞ்சிரம் பரீட்சை

மெஷினை ஓடவிட்ட அன்று சுந்தரேசன் சார் ஒரு நிபந்தனை போட்டார். மீன் வறுத்துப் பார்க்க வேண்டும். வாசனை வந்தால் சமையல்கட்டு கிரில்லை அடைத்துவிட வேண்டும். லலிதா அக்கா மீனுக்கு மசாலா தடவ ஆரம்பித்தார். சார் பூஜை அறையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, மூக்கை மட்டும் திறந்து வைத்துக்கொண்டார். நான் அடுப்பைப் பற்றவைத்தேன். தீ ஆடாமல் நேராக நின்றது. கதவைச் சாத்தி, சிம்னியைப் போட்டோம். கல்லில் வஞ்சிரம் சொய்யென்றது. தப்பாகிப் போனால் லலிதா அக்காவின் முகத்தில் எப்படி முழிப்பது?

கார்த்திக் ஓடி ஓடி நிலவரம் சொன்னான். ஹாலில் வாசனை இல்லை. படுக்கையறையில் இல்லை. கடைசியில் சார் எழுந்து வந்தார். முகத்தில் தோற்ற களை, அதைவிடக் கொஞ்சம் கவலை: “ஒண்ணுமே தெரியலையேம்மா. இனிமே சாப்பாடு ரெடியாயிடுச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

ஆளில்லாத ரூம்

ஒரு மாதம்கூட ஆகவில்லை, சுந்தரேசன் சாரிடமிருந்து போன். கூரைக்குள் உறுமல் கேட்கிறது, வண்டலூர் ஜூவிலிருந்து சிங்கம்தான் கத்துகிறது என்று முதலில் நினைத்தார்களாம், போதாக்குறைக்கு ஹாலில் குளிரே இல்லையாம். துரை அண்ணனோடு ஓடினேன். ஹாலில் யாரும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால், கிரில்லின் தகட்டை மூடி, அதற்கு மேல் பழைய போர்வையை மடித்துச் செருகியிருந்தது. படுக்கையறையிலும் அப்படியே. பூஜை அறையில் மட்டும் மரியாதைக்குப் பட்டுத்துணி.

சமையல்கட்டில் போய்ப் பார்த்தால் மொத்தக் குடும்பமும் அங்கே. வீட்டுக் காற்று முழுவதும் அந்த ஒரு கிரில் வழியாகச் சீறிக்கொண்டிருந்தது. கார்த்திக் மாவரைக்கிற மேடையில் லேப்டாப்பை வைத்து ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தான். சார் ஸ்டூல் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். லலிதா அக்கா காதில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்பை ஒட்டி நின்றார். “இன்னா சார் இது, வூட்டு காத்து பூரா ஒரே ஓட்டைல வந்தா மெஷின் கத்தாம இன்னா பண்ணும்?” என்றார் துரை அண்ணன். ஆளில்லாத அறையில் ஃபேனை அணைக்கிற பழக்கம் நம் எல்லோர் ரத்தத்திலும் ஊறியது, நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் எல்லாவற்றையும் மூடியவர் இதை மட்டும் ஏன் விட்டார் என்று கேட்டேன். சார் தெளிவாகப் பதில் சொன்னார்: “ஆள் இல்லாத ரூமுக்கு எதுக்கும்மா காத்து? இந்த வீட்ல எப்பவும் ஆள் இருக்கிற ரூம் கிச்சன் ஒண்ணுதான்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. பேப்பரை மடித்து வைத்துவிட்டார். லலிதா அக்கா என் பக்கம் திரும்பினார்: “காத்து கிடைச்சுதும்மா. ஆனா முன்னாடி ஹால்லேருந்து காபின்னு கத்துவாங்க, நான் காதுல விழாத மாதிரி இருந்துடுவேன். இப்ப பக்கத்துலயே உட்கார்ந்து கேக்கறாங்களே, நான் எங்க போவேன்?”

ஃபில்டர் கழுவப் போன நாள்

போர்வைகளை உருவி எல்லா கிரில்லையும் திறந்துவிட்டோம். சத்தம் நின்றது, ஹாலும் குளிர்ந்தது. ஆனால் குடும்பம் சமையல்கட்டை விட்டு நகர்ந்ததா என்று தெரியாமல் எனக்கு மனசு அடித்துக்கொண்டே இருந்தது. நல்லது செய்கிறோம் என்று லலிதா அக்காவுக்கு இருந்த ஒரே தனிமையையும் பிடுங்கிவிட்டோமோ என்று தோன்றியது. ஃபில்டர் கழுவுகிற வேலையை வேறு ஆளிடம் கொடுக்காமல் நானே போனேன்.

ஹாலில் லலிதா அக்கா மட்டும் இருந்தார். காலைத் தூக்கி டீப்பாய் மேல் போட்டுக்கொண்டு, கையில் ரிமோட்டோடு, ஏதோ சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். சமையல்கட்டுக்குள்ளிருந்து வெங்காயம் நறுக்குகிற சத்தம், தோசைக்கல்லில் எண்ணெய் பொரிகிற சத்தம், பெருங்காய டப்பா எங்கே என்று அப்பாவும் பிள்ளையும் சண்டை போடுகிற சத்தம். சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் முதலில் பீன்ஸ் நறுக்கினார்களாம், பிறகு காபி போட்டார்களாம், இப்போது ராத்திரி டிபன் அவர்களுடையதாம். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கொஞ்சம் கலங்கியது. எழுந்திருக்கப் போனவரை உட்காருங்கள் அக்கா என்றேன். அவர் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்: “அந்த கிச்சன் கதவை மட்டும் சாத்திட்டுப் போம்மா. பெருங்காயம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா அவங்களே தேடட்டும்.”

வீட்டைக் குளிர வைப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. குளிர்ந்த வீட்டில் யார் எந்த அறைக்குக் குடிபோவார்கள் என்பதற்கு எங்கள் கம்பெனி கேரண்டி எதுவும் தருவதில்லை.