சத்தத்தைக் குறைத்துக் கேட்ட ரங்கராஜு அண்ணன்

செய்தி கொண்டுவந்த மைக்கேல் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "ரங்கராஜு அண்ணன் போயிட்டாருடா" என்றான். விளையாட்டுக்கு ஊரை ஏமாற்றுவதையே தொழிலாக வைத்திருக்கும் என்னை ஏமாற்ற ஒருவன் கிளம்பி வந்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். "எங்கே, லண்டனுக்கா?" என்று கேட்டேன். அவன் சைக்கிள் மணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்றில் மாட்டியிருந்தன. பொய் சொல்ல வருகிறவன் அப்படி உடுத்திக்கொண்டு வரமாட்டான்.

ஆர்.எஸ்.புரத்தில் அவர் வீட்டு முன்னறையில் ஞாயிறுதோறும் இசைத்தட்டுக் கேட்க வந்து கூடிய உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்துக்கு வராதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். வயது இருபத்துமூன்று. அப்பாவுக்கு மோட்டார் பம்பு தொழிற்சாலை. சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் உடம்பை விட்டுப் போகும்போது இதயத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, மூன்று வாரத்துக்கொரு ஊசி. "எங்கப்பா ஊருக்கெல்லாம் பம்பு செஞ்சு குடுக்கறாருங்க. எனக்கு வெச்ச பம்புலதான் வால்வு லீக்கு" என்று புதிதாக வருகிறவர்களிடம் அவரே சொல்லிவிடுவார். சிரிப்பதா வேண்டாமா என்று அவர்கள் விழிப்பதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சுகம். டாக்டர் போட்ட ஊசியை விட, தட்டில் வைத்த ஊசிதான் அவரை இத்தனை நாள் ஓட்டியது என்பது என் கட்சி.

தட்டுகள் இங்கிலாந்திலிருந்து வந்தன. அங்கே நெசவுத் தொழில் படிக்கும் அவருடைய அத்தை மகன் அனுப்புவார். எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் சேர்ந்து இடிக்கிற ராக் இசை. சிலோன் ரேடியோவில்கூட கேட்க முடியாத வகை. குழுக்களின் பெயர்கள் நம் வாயில் நுழையாததால் உறையில் இருந்த படத்தை வைத்தே பெயர் சூட்டினோம். ஆட்டுத் தட்டு, மஞ்சள் கதவுத் தட்டு, மீசைக்காரத் தட்டு. ஒரு பக்கம் ஓடி முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும் எல்லோரும் அண்ணன் முகத்தைப் பார்ப்போம்.

அவர் யாருக்காகவும் கருத்தை மடித்துக் கொடுத்ததில்லை. மரியாதையை மட்டும் விடமாட்டார். "குப்பைங்க" என்பார். குப்பைக்கும் ஒரு 'ங்க' போட்டவர் அவர் ஒருவர்தான். கால் மணி நேரம் நீண்ட ஒரு கிடார் வாசிப்பைக் கேட்டுவிட்டுச் சொன்னது: "காங்கேயத்துல பஸ் ஏறி வெள்ளகோவில் போயி, மறுபடியும் காங்கேயத்துக்கே வந்து எறங்கிட்டானுங்க. டிக்கெட்டு காசு நம்முளுது." ஒரு டிரம்ஸ் தனி ஆவர்த்தனத்தைப் பற்றி: "கல்யாண ஊட்டுல பாத்திரம் கழுவறாங்க. நல்லாத்தான் கழுவறாங்க." மீசைக்காரத் தட்டின் பாடகரைப் பற்றி: "அழுகை வாரதுக்கு முன்னாடியே கைக்குட்டைய எடுத்துட்டாருங்க." அந்தத் தட்டை உயிராக நினைத்திருந்த மைக்கேல் அடுத்த இரண்டு ஞாயிறு வரவில்லை.

ஒருமுறை அவரைப் பிடித்துவிடலாம் என்று நான் ஒரு வலை விரித்தேன். முதல் தடவை கேட்டபோது மஞ்சள் கதவுத் தட்டையும் அவர் குப்பை என்றே தள்ளியிருந்தார். சில மாதம் கழித்து அதையே வேறோர் உறைக்குள் போட்டு, புதிதாக வந்தது என்று சொல்லி ஓட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், இத்தனை நாளில் வந்ததில் இதுதான் தட்டு என்றார். நான் வெற்றிக் களிப்போடு உறையை மாற்றிக் காட்டினேன். அசடு வழிவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ மொதல்ல கேட்ட அன்னிக்கு நாந்தாங்க குப்பை" என்றார். வலை விரித்த நான்தான் அதில் சிக்கி உட்கார்ந்திருந்தேன்.

இத்தனை இடிமுழக்கத்தையும் அவர் கேட்ட விதம் உங்களுக்குத் தெரியும். இரைச்சல் இதயத்துக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிளேயரின் ஒலித் திருகில் அவருடைய அம்மா ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார். திருகு அதைத் தாண்டக் கூடாது. பக்கத்து அறையில் காய் நறுக்கும் சத்தம் அதைவிடப் பெரிது. அண்ணன் ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, ரகசியம் கேட்பவர்போலக் கேட்பார். ஒருநாளும் பொட்டைத் தாண்டியதில்லை. ஆனால் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. ஒரே ஒரு முறை, அந்த ஆட்கள் வாசித்த சத்தத்திலேயே கேட்டுவிட வேண்டும். நாம் விழுங்குவதெல்லாம் சாப்பாட்டின் போட்டோ என்பார்.

சந்திரனில் மனிதன் இறங்கிய செய்தி வந்த வாரத்தில், அவ்வளவு தூரம் ஒருவன் போகும்போது நாம் கருமத்தம்பட்டி போகக் கூடாதா என்று நான்தான் ஆரம்பித்தேன். அங்கே மைக்கேலின் சித்தப்பாவுக்கு விசைத்தறிக் கூடம் இருக்கிறது. அமாவாசையன்று தறி ஓடாது. மற்ற நாளெல்லாம் தறி போடும் சத்தத்தில் பழகிய ஊர். எவ்வளவு சத்தம் வைத்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. அண்ணன் அம்மாவிடம் ஒளிக்காமல் கேட்டார். அவர்கள் வீட்டு மொழியான தெலுங்கில் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அந்த அம்மா நம்மிடம் தமிழில் தீர்ப்புச் சொன்னார்: "ஒரே ஒரு தட்டு, அதுலயும் ஒரே ஒரு பக்கம். அதுக்கு மேல வேண்டாம் கண்ணு."

அண்ணன் ஆட்டுத் தட்டைத் தேர்ந்தெடுத்தார். அதுதான் உள்ளதிலேயே பெரிய இடி. அம்மாவின் தீர்ப்பைத் தாண்டிப் போய்விடுவோமோ என்று பயந்து மஞ்சள் கதவுத் தட்டை வீட்டிலேயே விட்டுவந்தார். கல்யாணங்களுக்கு வாடகைக்குப் போகும் மைக் செட்டைச் சித்தப்பா வரவழைத்திருந்தார். நின்றிருந்த தறிகளின் நடுவில் நாற்காலி போட்டு அண்ணன் உட்கார்ந்தார். ஊசி இறங்கியதும் ஓட்டுக் கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமும் வெளியே பறந்தன. அவர் ஒரு கையைப் பக்கத்துத் தறியின் சட்டத்தில் வைத்தார். தறி நடுங்குவதைப் பார் என்று எனக்கு ஜாடை காட்டினார். இருபது நிமிடம் அந்தக் கையை எடுக்கவில்லை.

முடிந்ததும் வழக்கம்போல அண்ணன் முகத்தைப் பார்த்தோம். மைக்கேல் தண்ணீர் கொண்டுவந்தான். "சின்னதா வெச்சுக் கேட்டப்ப மிச்சத்தை நானே போட்டுக்கிட்டேங்க" என்றார். "நான் போட்டதுதான் நல்லா இருந்துச்சு. இவுங்க சத்தத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கறாங்க."

இவ்வளவு பாடுபட்டு அழைத்துவந்ததற்கு ஒரு பொய்யாவது சொல்லலாமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை. அடுத்ததற்குக் கிளம்பிவிட்ட முகம் அது. மஞ்சள் கதவில்தான் விஷயம் இருக்கிறது, அதில் சத்தம் குறைவு, நடுவில் இடம் விட்டு வாசிக்கிறார்கள், அந்த இடமெல்லாம் இந்தக் கூடத்தில் எப்படி நிற்கும் என்று பார்க்க வேண்டும் என்றார். ஆட்டின் மறுபக்கத்தையாவது போடுவோம் என்று தட்டைத் திருப்பப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார். "ஒரு பக்கம்னு சொல்லிப்போட்டு வந்துருக்கறனுங்க. அடுத்த அமாவாசைக்குப் பாத்துக்கலாம்."

அந்த அமாவாசைக்கு ஐந்து நாள் முன்னால் தூக்கத்திலேயே போய்விட்டார்.

கருமத்தம்பட்டிச் சத்தம்தான் எமனாகிவிட்டதோ என்று நானும் மைக்கேலும் அந்த வீட்டுக்குள் நுழையவே பயந்தோம். அம்மா எங்களை முன்னறைக்குக் கூப்பிட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பிறகு அவராகவே சொன்னார்: "வந்ததுலருந்து அந்தத் தறிக் கூடத்தப் பத்தியேதான் பேசிட்டு இருந்தான். இவ்வளவு பேசுவான்னு தெரிஞ்சிருந்தா ரெண்டு பக்கமும் கேளுன்னு விட்டிருப்பேன் கண்ணு." மஞ்சள் கதவுத் தட்டை எடுத்து மைக்கேல் கையில் கொடுத்தார்.

சொன்ன அமாவாசையில் போனோம். அதே மைக் செட்டு, அதே தறிகள். நாற்காலி போடவில்லை. இரண்டு பக்கமும் ஓடின. ஊசி தேய்க்கிற சத்தம் மட்டும் மிஞ்சியபோது எல்லோரும் பழக்கதோஷத்தில் திரும்பினோம். பார்க்க முகம் இல்லை. சித்தப்பா என்னைப் பார்த்து, "ஏனுங்க தம்பி, எப்படி?" என்று கேட்டார்.

எதற்கும் கைவசம் ஒரு சிலேடை வைத்திருப்பவன் நான். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. முதல் இரண்டு பாட்டும் சுமார், மூன்றாவதில் அந்த ஆள் வாசிக்காமல் விட்ட இடத்தில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது, கடைசிப் பாட்டு குப்பை என்று பட்டதைச் சொன்னேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். கடைசிப் பாட்டுக்காக அவர் நிச்சயம் என்னோடு சண்டை போட்டிருப்பார்; அல்லது, நான் சொன்னதுதான் சரி என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். எது என்று எனக்கு இனி தெரியப்போவதில்லை. மற்ற தட்டுகள் அவர் வீட்டிலேயே இருக்கட்டும். பட்டதைச் சொல்லிவிட்டு, மறுத்துப் பேச ஒருவர் இருப்பதுபோல ஒரு கணம் வாயை மூடிக் காத்திருக்கிறேனே, அது மட்டும்தான் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது.